நுங்கு வண்டி ரேஸும் நாலு எல்லைக்கல்லும்

"ஊர்ல என்னப்பா இருக்கு?"

என் மகன் போன்ல கேட்ட கேள்வி இது. பேரனுக்கு மே மாசம் பத்து வயசு முடியுது, பிறந்தநாளை ஊர்ல வச்சுக்கலாம்னு நான் சொன்னதுக்குத்தான் அப்படிக் கேட்டான். கோவமாக் கேட்கல. நெசமாவே தெரியாமக் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. அதுதான் எனக்கு உறுத்துச்சு. பதினேழு வயசு வரைக்கும் இந்த மண்ணுல உருண்டு புரண்டவன் அவன்.

அதுக்கு முந்தின வருசம் பிறந்தநாள் சென்னையில நடந்துச்சு. ஒரு ஹாலைப் பிடிச்சு, அலங்காரம், கேக், விளையாட்டு, மேஜிக், பரிசுப் பைன்னு எல்லாத்துக்கும் சேர்த்து 35,000 ரூபாய் பேக்கேஜ். நானும் என் வீட்டுக்காரியும் போயிருந்தோம். என் தலையில ஒரு காகிதத் தொப்பியை மாட்டி உக்கார வச்சாங்க. மைக் பிடிச்ச பையன் "கைதட்டுங்க"ன்னா பிள்ளைகள் தட்டுச்சு, "கத்துங்க"ன்னா கத்துச்சு. ரெண்டரை மணி நேரம் ஆனதும் அடுத்த பார்ட்டிக்கு ஹாலைக் கொடுக்கணும்னு விளக்கை அணைச்சாங்க. என் பேரன் வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, எனக்கு எத்தனை கிஃப்ட் வந்துச்சு?"

பிள்ளையைக் குத்தம் சொல்லி என்ன செய்ய? அந்த ரெண்டரை மணி நேரத்துல அவன் செய்ய வேண்டிய வேலைன்னு ஒண்ணுமே இல்லையே. வாங்குறது மட்டுந்தானே அவன் வேலை.

ஒரு விவசாயி கணக்குப் போடாம இருக்க முடியாது. 2024-25ல நடுத்தர இழைப் பருத்திக்கு அரசாங்கம் அறிவிச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 7,121 ரூபாய். 35,000 ரூபாய்க்கு கிட்டத்தட்ட அஞ்சு குவிண்டால் பருத்தி எடுக்கணும். என்னோட கரிசல் மூணு ஏக்கர் இருபது சென்ட். சில வருசம் மொத்தமாவே அவ்வளவு வராது.

அதனால நான் மகன்கிட்டச் சொன்னேன்: "இந்த வருசம் ஒரு தடவை என் பொறுப்புல விட்டுப் பாரு. பிடிக்கலைன்னா அடுத்த வருசம் மறுபடி தொப்பியை மாட்டிக்கிட்டு வந்து உக்காருதேன்."

பேரனுக்கு ரேஸ் பைத்தியம். 2024 ஆகஸ்ட் கடைசியில சென்னைத் தீவுத்திடலைச் சுத்தி ராத்திரியில ஃபார்முலா 4 ரேஸ் நடந்துச்சில்ல, அதுல இருந்து பிடிச்சது. அடுத்த ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல நடிகர் அஜித் குமாரோட அணி அதன் பிரிவில் மூணாவதா வந்ததும் அது முத்திப்போச்சு. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன்தான் ஃபார்முலா 1 ஓட்டின முதல் இந்தியர்னு எனக்குப் பாடம் எடுத்ததே இவன்தான். ரேஸ் மாதிரியே பார்ட்டி வேணும்னு கேட்டான். செஞ்சிருவோம்னேன்.

எங்க பக்கத்துல சித்திரை, வைகாசியில நுங்குக்குப் பஞ்சமில்ல. நாங்க சின்னப்பிள்ளையா இருக்கும்போது நுங்கைக் குடிச்சிட்டு அந்தக் காயிலேயே வண்டி செஞ்சு ஓட்டுவோம். காசு போட்டு வாங்கின வண்டி எதுவும் எங்களுக்குத் தெரியாது. பார்க்காதவங்களுக்காகச் சொல்லுதேன். மேல சீவி, பெருவிரலால நோண்டி நுங்கைக் குடிச்ச பிறகு மிச்சமிருக்கிற காய் ரெண்டு எடுத்துக்கணும். சீவின முகம் வெளிப்பக்கமா இருக்கட்டும். நடுவுல ஒரு ஜாண் நீளக் குச்சியைச் சீவி ரெண்டு காயிலயும் குத்திச் சேர்த்தா, ரெண்டு சக்கரமும் அச்சும் தயார். நுனியில கவட்டை இருக்கிற நீளக் கம்பு ஒண்ணை அந்த அச்சு மேல கொடுத்துத் தள்ளினா ஓடும். ரொம்ப இளசா இருந்தா காய் நசுங்கிரும். வெட்டி ரெண்டு நாள் ஆச்சுன்னா சுருங்கிரும். கொஞ்சம் முத்தலா, புதுசா இருக்கணும்.

முதல்ல நாலு வண்டி செஞ்சு வச்சு ரேஸ் விடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் தோணுச்சு, செஞ்ச வண்டியைக் கையில கொடுத்தா அதுவும் பேக்கேஜ்தானே? அதனால வண்டியைப் பிரிச்சு ஒளிச்சு வச்சேன். சக்கரம் ஒரு இடத்துல, அச்சு ஒரு இடத்துல, கவட்டைக் கம்பு இன்னொரு இடத்துல, நம்பர் அட்டை வேற ஒரு இடத்துல. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விடுகதைச் சீட்டு. எல்லாத்தையும் தேடி எடுத்துட்டு வந்து, வண்டியைப் பூட்டி, அப்புறம் ரேஸ். புதையல் வேட்டையும் ரேஸும் ஒண்ணாச்சு.

பதினஞ்சு நாள் சாயங்காலம் இதே வேலை. மே மாசம் எங்க காடு சும்மா கிடக்கும், அதனால நேரம் இருந்துச்சு. ரேஸ் முடியுற இடத்துல ஆட்டுற கருப்பு வெள்ளைக் கட்டக் கொடியை, என் பழைய வேட்டியில அடுப்புக்கரியைக் குழைச்சுக் கட்டம் போட்டுச் செஞ்சேன். நம்பர் அட்டை பழைய அட்டைப்பெட்டியில வெட்டினது. பாதைக்கு எல்லை போட, யூரியா சாக்கைக் கிழிச்சுக் குச்சியில கட்டினேன். எந்தப் பக்கம் ஓடணும்னு காட்ட, கருவேல முள்ளுல பனை ஓலைக் காத்தாடியைக் குத்தி வச்சேன். கோப்பைக்கு ஒரு பெரிய சிரட்டையை உடைஞ்ச கண்ணாடிச் சில்லால சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவினேன். கடையில வாங்கினது மாதிரியே பளபளன்னு ஆயிருச்சு. மருமக ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டா. "மாமா, நம்பரை நான் எழுதுதேன்"னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருந்தா. போனைத் தொடவே இல்ல.

மொத்தச் செலவு 2,600 ரூபாய். மரம் ஏறி நுங்கு இறக்கிக் கொடுத்தவருக்குக் கூலி, பானகத்துக்கு வெல்லமும் எலுமிச்சையும், காலைச் சாப்பாடு, அவ்வளவுதான்.

பதினாறு பிள்ளைகளைக் கூப்பிட்டேன். சொந்தக்காரப் பிள்ளைகள் அஞ்சு பேர், மிச்சம் ஊர்ப் பிள்ளைகள், எல்லாத் தெருவுல இருந்தும். "எல்லாத் தெருவையும் எதுக்குக் கூப்பிடுதீரு?"ன்னு எங்க உறவு ஒருத்தர் மெதுவாக் கேட்டார். கிராமம்னா ஒத்துமைன்னு நகரத்துல நினைச்சிட்டிருக்கிற உங்களுக்காகத்தான் இதை மறைக்காம எழுதுதேன். நான் பதில் சொல்லல. யார் எந்த அணின்னு பிரிக்கச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டேன். சீட்டுக்குத் தெரு தெரியாது. அணிக்கு நாலு பேரா நாலு அணி.

காலையில 6 மணிக்கெல்லாம் ஆரம்பிச்சாச்சு. வெயில் ஏறிட்டா கரிசல்ல நிக்க முடியாது. கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, அதனால முந்தின நாளே சுத்தி முள்ளு வெட்டிப் போட்டு, என் மச்சினனை அங்கேயே காவலுக்கு உக்கார வச்சிட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் செருப்பு கட்டாயம். இதையெல்லாம் செய்யாம விளையாட்டு நடத்தவே கூடாது.

முதல் விடுகதை: "கரண்டு வந்தா கத்துவேன், கரண்டு போனா தூங்குவேன். எனக்கு பில்லும் வராது." என் பேரன் கையிலதான் சீட்டு இருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சான். "க... ர... கரண்..." பக்கத்து அணிப் பிள்ளைகள் சிரிச்சிருச்சு. அவன் முகம் சுண்டிப்போச்சு. படிக்கிறது நல்ல பள்ளிக்கூடம்தான். இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை மடமடன்னு படிச்சிருவான். தமிழ் மட்டும் இப்படி.

நான் போய்ப் படிச்சுக் காட்டிரலாமான்னு காலை எடுத்து வச்சேன். என் மகனும் எழுந்திருச்சான். அவன் அம்மா அவன் கையைப் பிடிச்சு உக்கார வச்சா. அதுக்குள்ள அவன் அணியில இருந்த ஒரு பொண்ணு, எங்க அரசுப் பள்ளியில ஏழாவது படிக்கிறவ, "கொண்டாடே, நான் படிக்கேன்"னு வாங்கிப் படிச்சா. மோட்டார் ரூம்னு எல்லாருக்கும் விளங்கிருச்சு. பில் வராதுன்னா ஏன்னு பேரன் கேட்க, விவசாயத்துக்கு இலவச மின்சாரம்னு அவளே சொல்லிக்கிட்டே ஓடுனா. எந்தப் பாடப் புத்தகமும் அவ்வளவு வேகத்துல சொல்லிக்கொடுத்திருக்காது.

சீட்டை இங்கிலீஷ்ல எழுதியிருக்கலாமேன்னு மருமக அப்புறமாக் கேட்டா. அவ கேட்டது நியாயந்தான். ஆனா நான் வேணும்னேதான் எழுதல. ஊர்ப் பிள்ளைகள் அவன் பாஷைக்கு ஏறிப் போகணும்னு இல்லாம, ஒரு நாள் அவன் இவங்க பாஷைக்கு வரட்டும். தனக்குத் தெரியாதது இன்னொருத்தருக்குத் தெரியும்னு பத்து வயசுலயே தெரிஞ்சுக்கிறதுல கேவலம் ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது பனைமரம். வரிசையா நிக்கிற பனையில எத்தனாவதுன்னு எண்ணிக் கண்டுபிடிக்கணும். பனை நம்ம மாநில மரம். வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வாங்கணும்னு 2021 வேளாண் பட்ஜெட்டுல அறிவிச்சாங்க. அப்படி இருந்தும் எங்க வரப்புல என் அப்பா காலத்துல நின்ன மரத்துல பாதிதான் இப்ப நிக்குது. சூளைக்குன்னு போனது, ரோட்டுக்குன்னு போனது. பிள்ளைகள் எண்ணும்போதுதான் எனக்கே கணக்குத் தெரிஞ்சுது, இருபத்திமூணுன்னு.

மூணாவது விடுகதையைத்தான் நான் ரொம்ப யோசிச்சு எழுதினேன். "உழுதாலும் அசைய மாட்டேன், மழைக்கும் அசைய மாட்டேன். அண்ணன் தம்பி சண்டை போட்டா மட்டும் அசைவேன்."

எல்லைக்கல். என் நிலத்துக்கு நாலு மூலையிலயும் நாலு சர்வே கல் உண்டு. நாலு அணி, ஆளுக்கு ஒரு மூலை. எங்க பக்கத்துல இப்ப சோலாருக்கு நிலம் கேட்டு புரோக்கர்கள் வந்துக்கிட்டே இருக்காங்க. பக்கத்துக் காடு ரெண்டு கொடுத்தாச்சு. என் மகனுக்கும் கொடுத்துரலாம்னு ஒரு எண்ணம் இருக்கு. அவன் பக்கம் நியாயம் இல்லாம இல்ல. எனக்கு அம்பத்தெட்டு வயசு, எனக்குப் பிறகு உழுறதுக்கு ஆள் இல்ல. நானும் சண்டை போடல. ஆனா விக்கிறதோ வைக்கிறதோ, எதைன்னு தெரிஞ்சுக்கிட்டுச் செய்யணும்ல? அதுக்குத்தான் இந்த விடுகதை.

என் பேரன் அணிக்கு விழுந்தது அக்கினி மூலை. அந்தப் பக்கம் வேலிக்கருவை மண்டிப்போய்க் கிடக்கு. மூணு நாள் முன்னாடி நானே அரிவாளோட போய், ஆள் நுழையுற அளவுக்கு மட்டும் வெட்டிட்டுத்தான் கவட்டைக் கம்பை வச்சிட்டு வந்தேன். பிள்ளைகள் கூடவே என் மகனும் போனான், நடுவரா. பிள்ளைகள் தேடித் தேடிச் சலிச்சுப்போய், "அப்பா, உங்களுக்குத் தெரியும்ல, சொல்லுங்க"ன்னு பேரன் கேட்டான்.

மகன் இடுப்புல கையை வச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் பார்த்தான். "இங்கதான்டா எங்கயோ..."ன்னான். ஒரு ஓரத்துக்குப் போனான், திரும்பி வந்தான். அவனுக்குத் தெரியல.

கண்டுபிடிச்சது யாருன்னா, சீட்டைப் படிச்ச அதே பொண்ணுதான். "மத்தியானம் எங்க ஆடு ஒதுங்குத இடம் தாத்தா அது. கல்லு மேலதான் நான் உக்காருவேன்"னா. அவ அம்மா என் காட்டுல பருத்தி எடுக்க வருவாங்க. ஒரு சென்ட் நிலம் அவங்களுக்குக் கிடையாது. என் நிலத்தோட எல்லை அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு, என் பிள்ளைக்குத் தெரியல. யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லல. கூட்டிட்டுப் போய்க் காட்டாதது என் தப்பு. "நீ படி, வெயில்ல வராதே"ன்னு விரட்டினது நான்தானே.

நாலாவது இடம் தொழு. மாடு இல்லாத தொழுவுல இப்ப மருந்தடிக்கிற தெளிப்பானும் சாக்கும்தான் கிடக்கு. அங்க நம்பர் அட்டையை எடுத்துட்டு வந்து வண்டியைப் பூட்டினாங்க.

ரேஸ் காடு நீளத்துக்குப் போயிட்டுத் திரும்பி வரணும். ஒரு அணியில நாலு பேரும் மாத்தி மாத்தி ஓட்டணும்னு வச்சிருந்தேன். 24 மணி நேர ரேஸ்லயும் ஒரே வண்டியைப் பல பேர் மாத்தித்தானே ஓட்டுறாங்க. நடுவுல ஒரு 'பிட் ஸ்டாப்', அங்க மாத்துச் சக்கரமும் பானகமும். சொல்லி வச்ச மாதிரி நாலு வண்டியிலயும் காய் பிளந்துச்சு. மத்த மூணு அணியும் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கிட்டு நின்னப்ப, என் பேரன் மட்டும் கத்துனான்: "ஆளுக்கு ஒரு வேலை! நீ அச்சைப் பிடி, நீ பழசை உருவு, நான் புதுசைக் குத்துதேன், நீ கம்பைத் தயாரா வச்சுக்கோ!" டிவியில பார்த்த வித்தை. ஒரு நிமிசத்துல வண்டி கிளம்பிருச்சு. எழுத்துக் கூட்டினப்ப சிரிச்ச பிள்ளைகள் இப்ப வாயைப் பிளந்து பார்த்துச்சு.

கடைசியில ரெண்டாவதாத்தான் வந்தான். சிரட்டைக் கோப்பை வேற அணிக்குப் போச்சு. கொஞ்ச நேரம் உம்முன்னு இருந்தான். இட்லியும் சாம்பாரும் வந்ததும் மறந்துட்டான். அன்னைக்குப் பூரா கிஃப்ட் எத்தனைன்னு அவன் கேட்கவே இல்ல. "அந்த அக்கா அடுத்த வருசமும் என் டீம்ல வருவாங்களா?"ன்னுதான் கேட்டான்.

சரி, இப்ப உங்களுக்கு. "உங்களுக்கு இடம் இருக்கு, நேரம் இருக்கு, நுங்கு இருக்கு. நாங்க எங்க போக?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வீடு வர்றவங்க பேக்கேஜ் வாங்குறதை நான் திமிருன்னு சொல்ல மாட்டேன். ஆனா பதினஞ்சு நாள் வேண்டாம், ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும். அட்டைப்பெட்டி, பாட்டில் மூடி, பழைய பேனாக் குச்சி, இதுலயே வண்டி ஓடும். விடுகதையை உங்க குடியிருப்புக்கே எழுதுங்க. தண்ணி டேங்க் எங்க இருக்கு, குப்பை எங்க போய்ச் சேருது, மாடியில யார் வீட்டுல துளசி இருக்கு. காவல்கார அண்ணனோட பேரு என்ன, அவரோட ஊரு எதுன்னு கேட்டுட்டு வந்தாத்தான் அடுத்த சீட்டுன்னு வையுங்க. அவர் பிள்ளையையும், வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட பிள்ளையையும் அணியில சேருங்க. குலுக்கல்ல பிரியுங்க. எல்லாருக்கும் முதல் பரிசு கொடுக்காதீங்க. உங்க பிள்ளை தோக்கட்டும். தமிழ்ல எழுதுங்க.

காசு கொடுத்து வாங்குற பார்ட்டியில பிள்ளை தன்னை மட்டும்தான் பார்க்குது. தேடுற விளையாட்டுல சுத்தி இருக்கிறதைப் பார்க்குது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அன்னைக்குச் சாயங்காலம் என் மகன் அரிவாளை எடுத்துக்கிட்டு அக்கினி மூலைக்குப் போனான். ரெண்டு மணி நேரம் வேலிக்கருவையை வெட்டினான். கையெல்லாம் முள்ளு. "எதுக்குப்பா இப்ப?"ன்னு கேட்டேன். "விக்கிறதா இருந்தாலும் கல்லு தெரியணும்லப்பா"ன்னான். நான் ஒண்ணும் சொல்லல. பேரன் அந்தக் கல்லு மேல உக்காந்து, சீட்டை வச்சுக்கிட்டு மறுபடி எழுத்துக் கூட்டிக்கிட்டு இருந்தான். "அண்... ணன்... தம்... பி..."

கோடை உழவுக்கு டிராக்டர்காரர் காலையில வர்றேன்னு சொல்லியிருக்கார். கல்லைப் பார்த்து ஓட்டச் சொல்லணும்.